இரண்டரை சிசி



மாதிரி விமானங்களைப் பந்தயத்தில் பறக்கவிடுவதற்கென்றே தனி என்ஜின்கள் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினால் மறைந்துவிடும் அளவு. சிலிண்டரின் கொள்ளளவு 2.5 சிசி, ஒரு தேக்கரண்டியில் பாதி. நம் தெருக்களில் ஓடும் 110 சிசி ஸ்கூட்டரோடு ஒப்பிட்டால் நாற்பத்து நான்கில் ஒரு பங்கு. அந்த ஸ்கூட்டர் என்ஜின் நிமிடத்திற்கு எட்டாயிரம் சுற்றுகளை ஒட்டித் தன் வலிமையின் உச்சத்தைத் தொட்டுவிடும். வேகப் பந்தயத்திற்கென்று செதுக்கப்பட்ட இந்தச் சிறியதோ 40,000 சுற்றுகளை எட்டும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லி விநாடி. அதற்குள் காற்றும் எரிபொருளும் உள்ளே வந்து, நெருக்கப்பட்டு, எரிந்து, வெளியேறி, அடுத்த சுற்றுக்கு இடம் விட்டாக வேண்டும்.

மதரஸாவில் அரபு இலக்கணமும் ஃபிக்ஹும் கற்பிக்கும் ஒருவன் இதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு.

மண்டபத்தூர் கடலோர ஊர். வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. பக்கத்துத் திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம். ஆயினும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு அந்தக் கழகத்தின் வாயிலை விட வளைகுடா நாடுகளின் விமான நிலையங்களே அதிகம் பரிச்சயம். என்னிடம் மாலை மக்தபில் ஓதி முடித்த மாணவன் ஒருவன், பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்தான். அவனுடைய உம்மா ஒரு நாள் அஸருக்குப் பின் வந்தார்கள்.

“ஹஜ்ரத், நீங்க சொன்னா கேப்பான். அந்தப் பொம்மை மோட்டாரத் தூக்கிப் போடச் சொல்லுங்க. அவுங்க வாப்பா குவைத்துல கடையில ஆள் கேட்டு விசா பேசி வச்சிருக்காங்க. இவன் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல்தான் படிப்பேன்னு நிக்கிறான். எல்லாம் அந்த மோட்டார் வந்ததிலேர்ந்துதான்.”

அந்த வீட்டின் நிலை எனக்குத் தெரியும். வீடு கட்டிய கடன் பாதி நிற்கிறது. மூத்த பெண்ணுக்கு நிக்காஹ் பேச்சு நடக்கிறது. உம்மாவின் கவலை வெறும் பிடிவாதமன்று. எனினும் பார்க்காத பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நாங்கள் கற்ற முறையன்று. “மோட்டாரை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்கம்மா. பார்த்துட்டுச் சொல்றேன்” என்றேன்.

அது அவனுடைய பெரியவாப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் கிடந்தது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய 2.5 சிசி டீசல். பல்லாண்டுகளாக உள்ளே தங்கிய விளக்கெண்ணெய் கோந்தாக இறுகிப் பிஸ்டன் அசையாமல் இருந்ததாம். சுத்தியலால் தட்டாமல், இளஞ்சூடு காட்டிக் காட்டி இரண்டு நாளில் பிரித்திருக்கிறான். பிரித்த பாகங்களைத் துணியில் வரிசையாக வைத்து எனக்குக் காட்டினான். கிராங்க் ஷாஃப்ட், இணைப்புத் தண்டு, பிஸ்டன், லைனர், ஊசி வால்வு என்று மொத்தத்தையும் இரு கை விரல்களால் எண்ணிவிடலாம். தலைப்பகுதியில் தீப்பொறிப் பிளக்கிற்குப் பதிலாக ஒரு திருகு இருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோதுதான் அவன் பேச ஆரம்பித்தான். அன்று மஃரிப் பாங்கு வரை பேசினான். அதன் பிறகு மூன்று வாரங்கள் அவன் கொண்டுவந்ததையும் நானாகத் தேடியதையும் படித்தேன். அதன் சாரத்தைச் சொல்கிறேன்.

தொடக்கக் காலத்தில் மாதிரி விமான என்ஜின்களும் பெட்ரோல் என்ஜின்களைப் போலவே தீப்பொறியால் எரிந்தன. அதற்குக் காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாம் வேண்டும். என்ஜினை விட அதன் மின் மூட்டை கனத்தது. இந்தச் சுமையைக் கழற்ற இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, 1940-களில் சுவிட்சர்லாந்தின் ‘டைனோ’ போன்றவை காட்டிய அழுத்த எரிப்பு வழி. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் ஏறத்தாழச் சம அளவில் கலந்து ஊற்றுவார்கள். ஈதர் குறைந்த வெப்பத்திலேயே தீப்பற்றும்; அழுத்தினாலே போதும். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை மேலிருக்கும் திருகால் கூட்டிக் குறைக்கலாம். மாணவன் வைத்திருந்தது இவ்வகை. மற்றொன்று 1947-இல் அமெரிக்கர் ரே ஆர்டன் கொண்டுவந்த ‘குளோ பிளக்’. பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றை முதலில் பேட்டரியால் சூடேற்றி என்ஜினைக் கிளப்பிவிட்டால், பிறகு பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனாலின் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நிகழும் வேதிவினையும் முந்தைய எரிப்பின் சூடும் சேர்ந்து கம்பியைச் செஞ்சூட்டில் வைத்திருக்கும். ஒரு கம்பிச் சுருள் ஒரு மூட்டை மின்கருவியை விலக்கிவிட்டது.

அந்த மெத்தனால் பற்றி ஒரு சொல். இது கொடிய நஞ்சு. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற கள்ளச்சாராயத்தில் கலந்திருந்தது இதுவே. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதற்கு இடமில்லை. சட்டமும் இதன் விற்பனையைக் கட்டுப்படுத்துகிறது. ஈதரும் வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கதன்று. மாணவன் அதை அவனுடைய மாமுவின் படகு என்ஜின் பட்டறையில், பெரியவர் முன்னிலையில் மட்டுமே கையாள வேண்டும் என்று முதல் நாளே சொன்னேன். புரொப்பல்லருக்கு எதிரே முகத்தை நீட்டக் கூடாது என்பதை அவனே எனக்குச் சொன்னான்.

விளக்கெண்ணெய் விஷயம் எனக்கு வியப்பளித்தது. வயிறு கட்டிக்கொண்டால் உம்மா மூக்கைப் பிடித்து ஊற்றிய அதே எண்ணெய். சாதாரண என்ஜின் ஆயில் மெத்தனாலில் கரையாது; இது கரையும். சூடு ஏறினாலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். முதல் உலகப்போரின் சுழல் என்ஜின் விமானங்களும் இதில்தான் ஓடின. இன்று நாம் கடையில் கேட்டு வாங்கும் ‘காஸ்ட்ரால்’ என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909-இல் எடுத்து வைக்கப்பட்டது. உலகிலேயே அதிகமாக ஆமணக்கு விளைவிக்கும் நாடு நம் நாடு. பெரும்பகுதி குஜராத்தில் விளைகிறது. எண்ணெய் இங்கிருந்து போயிற்று. என்ஜின் அங்கிருந்து வந்தது. இதை மாணவனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. “அதான் ஹஜ்ரத், நாமளும் பண்ணணும்” என்றான்.

இனிப் பந்தயத்திற்கு வருவோம். கயிற்றில் கட்டிய மாதிரி விமானம் நடுவில் நிற்பவரைச் சுற்றி வட்டமாகப் பறக்கும். இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள். கைப்பிடியைச் சாய்த்தால் விமானம் ஏறும், இறங்கும். அமெரிக்காவின் ஜிம் வாக்கர் 1940-களில் பரப்பிய முறை இது. சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளில் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. வேகப் பிரிவில் கம்பியின் நீளம் 17.69 மீட்டர், ஒன்பது சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர். குழுப் பந்தயத்தில் 15.92 மீட்டர், ஒரு சுற்று நூறு மீட்டர், நூறு சுற்று பத்துக் கிலோமீட்டர். எண்களை ஏன் இப்படி விசித்திரமாக வைத்தார்கள் என்று யோசித்தேன். சுற்றளவைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு புரிந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை ஒரு கணக்காகக் கொடுத்துப் பாருங்கள்.

குழுப் பந்தயம்தான் என்னைக் கவர்ந்தது. ஒரே வட்டத்தில் மூன்று குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் இருவர்: நடுவில் நின்று ஓட்டுபவர், வட்டத்தின் ஓரத்தில் காத்திருக்கும் மெக்கானிக். எரிபொருள் தொட்டியோ மிகச் சிறியது. நெடுங்காலம் அதன் அளவு 7 சிசி என்றே விதியில் இருந்தது. அதனால் இடையில் இறங்கியாக வேண்டும். மெக்கானிக் ஓடிவரும் விமானத்தைக் கையால் பிடித்து, எரிபொருளைப் பீய்ச்சி, விரலால் புரொப்பல்லரை ஒரு தட்டுத் தட்டி மீண்டும் விடுவார். எல்லாம் சில நொடிகள். பத்துக் கிலோமீட்டரை இறங்கி ஏறும் நேரத்தையும் சேர்த்து மூன்று நிமிடங்களை ஒட்டி முடிக்கிறார்கள். எனவே இங்கே வெறும் வேகம் உதவாது. குறைவாகக் குடிக்க வேண்டும். சூடாக இறங்கிய என்ஜின் முதல் தட்டிலேயே பற்ற வேண்டும். அதிக வலிமையும் குறைந்த பசியும் ஒரே என்ஜினில் சேர்வது அரிது. மனிதரிலும் அரிதுதான்.

1950-களில் இந்தப் பிரிவில் பெயர் பெற்றது இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஆலிவர் குடும்பத்தார் செய்த ‘ஆலிவர் டைகர்’. பெரிய தொழிற்சாலை அன்று, சிறு பட்டறை. எஃகு சிலிண்டர், வார்ப்பிரும்புப் பிஸ்டன். ஒவ்வொன்றையும் கையால் தேய்த்துப் பொருத்தினார்கள். பிஸ்டன் வளையம் கிடையாது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே சில மைக்ரான் இடைவெளி மட்டும். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அந்த இடைவெளிக்குள் விளக்கெண்ணெய் நின்று காற்றை அடைக்க வேண்டும். கொஞ்சம் இறுகினால் என்ஜின் சீஸ் ஆகும். கொஞ்சம் தளர்ந்தால் கிளம்பாது. இத்தாலியில் பொலோஞ்ஞா நகரின் ‘சூப்பர் டிக்ரே’, பிரேஷியா நகரின் ‘ரோஸி’, செக் நாட்டுப் பிர்னோ நகரில் அரசு ஆதரவோடு நடந்த எம்விவிஎஸ் என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒரு பட்டறை இந்த நுண்மையைத் துரத்தியது.

1960-களில் ஒரு பாய்ச்சல் நிகழ்ந்தது. அதன் வேர் மாதிரி விமானத்தில் இல்லை, மோட்டார் சைக்கிளில் இருந்தது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் ஆலையில் வால்ட்டர் காடன் என்ற பொறியாளர் டூ-ஸ்ட்ரோக் என்ஜினின் புகைக்குழாயை ஆராய்ந்தார். வெளியேறும் புகை ஓர் அழுத்த அலையாகச் செல்கிறது. குழாய் விரிந்து பின் குறுகினால் அலை மோதித் திரும்புகிறது. நம் கடற்கரையில் கருங்கல் கொட்டிய இடத்தில் அலை மோதிப் பின்வாங்கி அடுத்த அலையைச் சந்திப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஏறத்தாழ அதுவே. முதலில் குழாய் விரியுமிடம் பழைய புகையை உறிஞ்சி இழுக்கிறது. பின் குறுகுமிடத்திலிருந்து திரும்பும் அலை, தவறி வெளியே வந்த புதுக் கலவையைக் கதவு மூடுவதற்கு முன் உள்ளே தள்ளிவிடுகிறது. ஒரு அசையும் பாகமும் இல்லாத, உள்ளே ஒன்றுமில்லாத தகரக் குழாய், என்ஜினுக்குக் காற்றை ஊட்டும் பம்பாக மாறுகிறது. 1961-இல் எம்இசட்டின் 125 சிசி பந்தய வண்டி ஏறத்தாழ 25 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு அந்தக் குழுவின் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது தப்பி, பின் ஜப்பானின் சுசுகியில் சேர்ந்தார். 1962-இல் சுசுகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. ஒருவரின் உழைப்பு இன்னொருவரின் கையில் போய்ச் சேர்ந்த இந்தக் கதையைப் பலர் சாகசமாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமானிதம் என்ற சொல்லின் கனத்தை அறிந்தவர்கள் அந்தப் பகுதியில் சற்று நின்று படிப்பார்கள்.

அமெரிக்காவில் கே அண்ட் பி நிறுவனத்தைச் சேர்ந்த பில் விஸ்னீவ்ஸ்கி 1960-களின் நடுப்பகுதியில் இந்தக் குழாயை மாதிரி விமான வேகப் பந்தயத்திற்குக் கொண்டுவந்து உலகப் போட்டியில் வென்றார். அவரோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு மாற்றம் ‘ஏபிசி’: அலுமினியப் பிஸ்டன், பித்தளை லைனர், அதன் உட்புறம் குரோமியப் பூச்சு. இதன் சூட்சுமத்தை மாணவன் எனக்கு ஒரு டம்ளரை வைத்து விளக்கினான். லைனர் மேற்புறம் சற்றே குறுகலாகக் கடையப்பட்டிருக்கும். குளிர்ந்த நிலையில் பிஸ்டனை மேலே தள்ளினால் கடைசி நூலளவில் இறுகி நிற்கும். கையால் சுற்றினால் கிறீச்சிடும். கெட்டுப்போன என்ஜின் என்றே நினைப்போம். ஓடத் தொடங்கியதும் மேற்புறம் அதிகச் சூடாகிறது. பித்தளை, பிஸ்டனுக்கு ஈடாக விரிகிறது. சூடான நிலையில் மட்டும் சரியான இடைவெளி அமைகிறது. பழைய எஃகு லைனரில் இது நடக்காது. எஃகு குறைவாகவும் அலுமினியம் அதிகமாகவும் விரிவதால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆக, வேலை செய்யும் நேரத்தில் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கணித்து, சும்மா இருக்கும் நேரத்தில் வேண்டுமென்றே தவறாகச் செய்கிறார்கள்! இதற்கு முன் 1920-களில் ஜெர்மானியர் அடால்ஃப் ஷ்னூர்லே கண்ட முறையும் இத்துடன் வந்து சேர்ந்தது. உள்ளே வரும் கலவையைப் பக்கவாட்டுத் துளைகளால் புகை வாயிலுக்கு எதிர்ச்சுவரை நோக்கித் திருப்பிவிட்டு, அது சுழன்று வந்து பழைய புகையைத் துடைத்துச் செல்லும்படி அமைப்பது. நாற்பது ஆண்டுக்கு முந்தைய பெரிய என்ஜினின் பாடம், சிறிய என்ஜினுக்குப் பிறகே வந்து சேர்ந்தது.

நம் நாட்டிலும் இக்கலை இல்லாமலில்லை. கொல்கத்தாவின் இந்தியாஸ் ஹாபி சென்டர் ‘அரோரா’ என்ற பெயரில் சிறு என்ஜின்களைச் செய்தது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் கட்டுவதும் பறக்கவிடுவதும் பயிற்சியின் பகுதி; அவர்களின் வாயு சைனிக் முகாமில் கம்பி வழி விமானங்களுக்குப் போட்டியே உண்டு. நம் பிள்ளைகள் கல்லூரியில் சேரும்போது இப்பிரிவைப் பற்றிக் கேட்பதே இல்லை. கேட்கலாம்.

இப்போது உம்மா கேட்ட கேள்வி. இது வீண் விளையாட்டா?

மார்க்கம் பந்தயத்தை முற்றாக ஒதுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. பயிற்சியால் இளைத்து உறுதியான குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை. அறிவிப்பாளர்கள் ஐந்து முதல் ஏழு மைல் வரை கணக்கிடுகிறார்கள். பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை. ஒரு மைல் அளவு. மாணவர்களுக்கு இந்த ஹதீஸைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இப்போது அதில் இன்னொன்றும் என் கண்ணில் படுகிறது: பிரிவு. திறனுக்கேற்பத் தூரத்தைப் பிரித்து வைப்பது. 2.5 சிசி என்று வரம்பு கட்டிய விதியாளர்களும் இதையே செய்தார்கள். பெரிய என்ஜின் வைத்தவன் வெல்வதில் என்ன இருக்கிறது? எல்லாருக்கும் அதே அரைத் தேக்கரண்டி. அதற்குள் யார் அதிகம் செய்கிறார் என்பதே போட்டி. இரு தரப்பும் பணம் கட்டி வென்றவன் அள்ளிச் செல்வது சூது. அது எந்தப் பந்தயத்தில் நுழைந்தாலும் ஹராம். தொழுகையை மறக்கடிப்பது எதுவானாலும் கண்டிக்கத் தக்கது. இவ்விரண்டும் இல்லாதபோது, இரும்பை அளந்து செய்யும் கலையை வீண் என்று சொல்ல எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு இளக்கித் தரப்பட்டதையும், கவசத்தின் வளையங்களை அளவோடு செய்யுமாறு சொல்லப்பட்டதையும் ஸூரா ஸபஃ ஓதும்போதெல்லாம் கடந்து செல்கிறோம். ‘அளவோடு’ என்ற அந்தச் சொல்லில் ஒரு பட்டறையே இருக்கிறது.

நம் முன்னோரே எல்லாவற்றையும் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லி மகிழும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் உண்மையை மறைக்கவும் வேண்டாம். 1206-இல் தியார்பக்ர் அரசவையில் அல்-ஜஸரி எழுதி முடித்த இயந்திர நூலில், இரண்டு சிலிண்டர்களும் முன்பின் செல்லும் பிஸ்டன்களும் கொண்ட நீரேற்றும் பம்பு ஒன்று விளக்கப்பட்டிருக்கிறது. அதைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றியது வேறொரு குறிப்பு: வால்வின் அடைப்பானையும் அதன் இருக்கையையும் குருந்தக்கல் பொடியிட்டு ஒன்றோடொன்று தேய்த்து, நீர் கசியாதபடி பொருத்தும் முறையை அவர் எழுதியிருக்கிறார். மாணவனின் மாமு பட்டறையில் இன்றும் கிரைண்டிங் பேஸ்ட் தடவி வால்வைத் தேய்ப்பது அதுவே.

அந்தப் பழைய என்ஜினின் பிஸ்டன் கீறல் விழுந்து கெட்டிருந்தது. காரைக்காலில் ஒரு லேத் பட்டறையில் கேட்டபோது, இந்த அளவுக்கு மெஷின் வராது, வேண்டுமானால் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து தருகிறேன், மிச்சத்தை நீ கையால் எடுத்துக்கொள் என்றாராம். விடுமுறை நாட்களில் அங்கேயே உட்கார்ந்து, பழைய வார்ப்பிரும்புத் துண்டிலிருந்து கடைந்த பிஸ்டனைத் தேய்த்தான். முதல் மூன்றும் குப்பைக்குப் போயின. தேவைக்கு மேல் தேய்ந்துவிட்டன. தேய்த்ததைக் கூட்ட முடியாது அல்லவா! நான்காவதை எடுத்துக்கொண்டு லுஹருக்குப் பின் ஓடிவந்தான். லைனரின் அடியைக் கட்டை விரலால் அடைத்து, பிஸ்டனை மேலிருந்து விட்டான். அது விழவில்லை, காற்றின் மேல் உட்கார்ந்ததுபோல மெல்ல மெல்ல இறங்கியது. விரலை எடுத்ததும் சட்டென நழுவியது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

இத்தகைய என்ஜின்களின் காலம் சுருங்கி வருகிறது என்பதையும் அவனிடம் மறைக்கவில்லை. மின்மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் மாதிரி விமானங்களின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. இதையே செய்து பிழைக்க முடியாது. அவன் சொன்ன பதில்: “இத வச்சுப் பொழைக்கப் போறேன்னு சொல்லல ஹஜ்ரத். இத்தன மைக்ரான் என் கையில வருதான்னு பாத்தேன். வருது.”

உம்மாவிடம் நான் அப்துல் கலாம் அவர்களின் வீட்டுக் கதையைச் சொன்னேன். 1950-களில் சென்னை எம்ஐடியில் விமானப் பொறியியலுக்கு இடம் கிடைத்தபோது கட்டணம் ஆயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. வாப்பாவிடம் அவ்வளவு பணம் இல்லை. அக்கா ஜொஹரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். உம்மா அமைதியாகக் கேட்டார்கள். பிறகு சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்: “அது சரி ஹஜ்ரத். கலாம் கலாமா ஆனதால அந்த நகை கதையாச்சு. ஆகாமப் போன புள்ளைங்க வீட்டு நகையெல்லாம் யாரு எழுதுனா?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. ஓர் ஆலிம் தெருவில் நின்று கனவை விற்கலாம். தவணை கட்டுவது அந்த வீடு. ஆகவே முடிவை நான் சொல்ல மாட்டேன், வாப்பாவிடம் விவரத்தை மட்டும் சொல்கிறேன் என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் குவைத்திலிருந்து அவர் அழைத்தார். மூன்றாண்டு டிப்ளோமாவின் செலவு, படிப்பு முடிந்தால் கிடைக்கக்கூடிய வேலைகள், விசாவை விட்டால் இழக்கும் சம்பளம் என்று எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நீண்ட நேரம் பேசவில்லை.

“அந்தப் பிஸ்டன அவனேதான் பண்ணுனானா ஹஜ்ரத்?”

“ஆமா. நாலாவதுதான் சரியா வந்துச்சு. மூணு வீணாப் போச்சு.”

“மூணு வீணாப் போயும் விடலியா?”

“விடல.”

பின்னால் கடையின் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. தான் போகும்போது தனக்கு வயது பத்தொன்பது என்றார். இந்த வருடம் முடித்துக்கொண்டு ஊருக்கே வந்துவிடலாம் என்றுதான் மகனுக்கு அந்த இடத்தைப் பேசி வைத்தாராம். அதை அவர் வீட்டில் சொல்லியிருக்கவில்லை.

“சரி. மூணு வருஷந்தானே. நான் இங்கேயே இருந்துக்கிறேன். அவங்க உம்மாகிட்ட இத நானே சொல்லிக்கிறேன், நீங்க சொல்ல வேணாம். பாலிடெக்னிக்ல மனுப் போட கடைசி நாள் என்னிக்குன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க” என்றார்.